பூரணாகுதிப் புடவை

ஆரணிப் பக்கம் பூரணம் என்று சொன்னால் முதலில் நாக்குக்குத்தான் புரியும். தேங்காய்த் துருவல், வெல்லம், வெந்த கடலைப்பருப்பு, ஒரு சிட்டிகை ஏலக்காய் எல்லாம் சேர்ந்து அரிசி மாவுக்குள் ஒளிந்துகொண்டு ஆவியில் வேகும் இனிப்பு. வடக்கே எங்கேயோ பிறந்த சொல், வேதம் படித்தவர்கள் வாயில் பெரிய மனுஷனாக உலவிய சொல், ஆரணியை ஒட்டிய சேவூர் வந்ததும் கொழுக்கட்டைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அதில் அதற்கு மானக்கேடு ஒன்றும் இல்லை. இங்கே வந்த பிறகுதான் அது நாலு பேருக்கு உபயோகமாயிற்று என்று சுபத்ரா நினைப்பாள்.

சுபத்ராவுக்குச் சொற்களை அசைபோடுவது பழக்கம். பட்டுத்தறியில் உட்காருகிறவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? கைக்கும் காலுக்கும் ஓயாத வேலை, மனசுக்கு மட்டும் விடுமுறை. காலையில் தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதிக்கத் தொடங்கினால், ஊடு நூலோடு நாடா இப்படியும் அப்படியும் ஓடுகிற சத்தத்தில் அரைத்தூக்கம் மாதிரி ஒன்று வரும். கண் திறந்திருக்கும், கை தப்பாது, ஆனால் ஆள் அங்கே இருக்கமாட்டாள். அந்த நேரம் பார்த்து ஏதாவது ஒரு சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். நாள் பூராவும் அதோடு பேசிக்கொண்டே நெய்வாள். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த ஆடி மாதம் வந்து ஒட்டிக்கொண்டது பூரணம். அதற்குக் காரணம் உண்டு. தெருக்கோடியில் இருக்கும் படவேட்டம்மன் கோயிலுக்குத் தை மாதம் கும்பாபிஷேகம் என்று நாள் குறித்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவது. யாகசாலை போட்டு, மூன்று நாள் தீ வளர்த்து, கடைசி நாள் காலையில் பூரணாகுதி கொடுப்பார்கள். யாகத்தை நிறைவாக்குகிற கடைசிப் படையல் அது. நெய்யும் பழமும் கொப்பரையும் மட்டும் போதாது, ஒரு பட்டுப் புடவையும் தீயில் இறங்க வேண்டும். கடையில் வாங்கின புடவை ஆகாது, இந்தத் தெருத் தறியில் நெய்ததாக இருக்கவேண்டும் என்பது நெசவுக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டு. யாரும் கட்டப்போவதில்லை, யாரும் வாங்கப்போவதில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகப் போகிறது. அதைத்தான் தெருவிலேயே அழகான புடவையாக நெய்வார்கள். நெசவுக்காரர்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறுத்துப் பயனில்லை.

இந்த முறை வரிசை சுபத்ரா வீட்டுக்கு வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் பிரபாகரன் வந்து சொன்னபோது, சுபத்ராவின் மாமியார் ரேணுகாம்பாள் முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த தபா உங்க மொற. ஆனா மருமவ மாசமா இருக்குதே. வேணும்னா வேற வூட்டுக்கு மாத்திடட்டா?" என்றார் பிரபாகரன்.

"எதுக்கு மாத்தற? வயித்துல புள்ளயோட நெய்ஞ்சா அம்மனுக்கு இன்னும் விசேசம். எம்மருமவதான் நெய்யும். நல்லபடியா பெத்து எடுக்கட்டும், அந்தப் பொடவ அம்மனுக்கு" என்று கோயில் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டாள் ரேணுகாம்பாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு. ரேணுகாம்பாளுக்குச் சந்தோஷத்தில் தரையில் கால் பாவவில்லை. சுபத்ராவும் உள்ளேயிருந்து தலையாட்டினாள். அவளுக்கும் ஆசைதான். தறியில் நீளவாட்டு இழைகளான புதுப் பாவு ஏறியிருந்தது, அரக்குச் சிவப்பு. ஒரு பாவில் மூன்று புடவை இறங்கும். முதல் புடவை கடைக்காரருக்கு. இரண்டாவது அம்மனுக்கு என்று அன்றைக்கே முடிவாயிற்று.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தச் சொல் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது. தெருவில் நடந்தால், "வழி விடுங்கடி, பூரண கும்பம் வருது" என்று பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்துக் கேலி செய்தார்கள். பஸ் ஸ்டாப் சுவரில் மூட்டுவலிக்குப் பூரண குணம் என்று ஒரு வைத்தியர் வாக்குக் கொடுத்திருந்தார். ஏரிக்கரை ஐயனாருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்டாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருத்தி பேர் பூரணி. சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்தான், இப்போதுதான் நின்று பார்த்தாள். அந்த அம்மாளுக்கு மூக்கு உடைந்திருந்தது, ஆனாலும் சிரித்தபடி இருந்தாள். பௌர்ணமி என்பதும் இதே வீட்டுப் பிள்ளைதான் என்று கோயில் குருக்கள் சொன்னார்.

"பூரணம்னா நிறைஞ்சதுன்னு மட்டும் அர்த்தம் இல்லம்மா. அதுலேர்ந்து எடுத்தாலும் குறையாது. அப்படி ஒண்ணு" என்றார் குருக்கள்.

வீட்டில் மாமியார் கிளறி வைத்த பூரணம், சுதாகர் வேலைவிட்டு வந்து இரண்டு தரம் அடுப்படிப் பக்கம் போனால் பாதியாகக் குறைந்துவிடும். சுதாகர் அவள் கணவன். செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. குருக்கள் சொல்கிற பூரணத்தை இவன் இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தறியில் தனியாகச் சிரித்துக்கொண்டாள் சுபத்ரா.

அம்மன் புடவை தொடங்கியபோது ஆறாம் மாதம். மிதியை மிதித்தால் உள்ளேயிருந்து பதிலுக்கு ஓர் உதை வரும். இவள் ஒரு மிதி, அது ஒரு மிதி. சில நாள் அது வேகமாகப் போய் இவளைத் துரத்தும். அரைத்தூக்கத்தில் அவளுக்கு அந்தத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்வதாகவே இருந்தது. பெண்தான் என்று மனசு சொல்லிற்று. நெசவுக்காரி மகளாக இல்லாவிட்டால் இந்தத் தாளம் எங்கிருந்து வரும்?

ஒரு மத்தியானம் அவள் ஒரு காரியம் செய்தாள். எத்தனை முழம் நெய்தாயிற்று என்று குறித்துவைக்கிற சாக்பீஸை எடுத்து, குழியில் உட்காருகிறவள் கண்ணுக்கு மட்டும் படுகிற மாதிரி, தறிக்காலின் உள்பக்கம் 'பூரணி' என்று எழுதினாள். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சுதாகரிடம்கூடச் சொல்லவில்லை. எழுதிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் அழிக்கவில்லை.

புரட்டாசியில் ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் காலையில் மிதித்தபோது பதில் உதை வரவில்லை. தூங்குகிறாள் போல என்று நினைத்து மெதுவாக மிதித்தாள். அரை முழம் நெய்தாள். மத்தியானமும் தூங்கினாள். சாயந்தரம் சுபத்ரா நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை" என்று கூப்பிட்ட குரல் அவளுக்கே வேறு யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் துடிப்பு இல்லை என்றார்கள். யார் மேலும் தப்பில்லை, தறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். நல்ல மனுஷி. பெண் குழந்தை, இருபத்தெட்டு வாரம், பூரண வளர்ச்சி இல்லை என்று நர்ஸ் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அங்கேயும் அந்தச் சொல் வந்து நின்றது. சுபத்ரா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சின்ன உயிருக்கு நெருப்பு வைப்பதில்லை, மண்தான். பால் தெளிப்பதில்லை, பதினாறாம் நாள் இல்லை, பேர் இல்லாததால் பேர் சொல்லி அழவும் இல்லை. சுதாகர் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரைப் பக்கம் புதைத்துவிட்டு வந்தான். வந்து குளித்தான். மறுநாளைக்கு மறுநாள் கம்பெனி பஸ் ஏறினான். அவனைத் திட்டுவதற்கு எதுவும் இல்லை. வீட்டில் இருந்தால் மட்டும் என்ன செய்திருப்பான்?

ரேணுகாம்பாள் வாய் ஓயாதவள். பால்காரனில் இருந்து பக்கத்து வீட்டு மாமியார் வரைக்கும் அவளிடம் தப்பித்தவர்கள் கிடையாது. ஆனால் இதைப்பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தறிமேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினாள். மருமகளுக்குப் பத்தியச் சோறு போட்டாள், பூண்டு உரித்துக் கொடுத்தாள், வெந்நீர் ஊற்றினாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பேர் வைத்ததை அம்மன் பார்த்துவிட்டாள், அதனால்தான் எடுத்துக்கொண்டாள் என்று சுபத்ரா தனக்குள் நம்பத் தொடங்கியிருந்தாள். அது மாமியாருக்கும் தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. ஆயுத பூஜைக்கு ரேணுகாம்பாள் வேட்டியை விலக்கித் தறியைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அப்புறம் சுபத்ரா ஒளிந்து போய்ப் பார்த்தாள். தறி முழுவதும் துடைத்திருந்தது. தறிக்காலின் உள்பக்கம் சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது. குனிந்து பார்த்திருக்கமாட்டாள் என்று மூச்சு விட்டாள்.

நாற்பத்தோராம் நாள் சுபத்ராவே வேட்டியை எடுத்தாள். யாரும் நெய் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மிதித்தாள். உள்ளே பதில் இல்லை. அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டே நாலு விரல் உயரம் நெய்த பிறகு குனிந்து பார்த்தாள். கோடு விழுந்திருந்தது.

நெசவுக்காரர்களுக்கு இது தெரியும். நாள்கணக்கில் நின்ற தறியில் பாவின் விறைப்பு மாறிவிடும். மறுபடி ஓட்டும்போது முன்பு இருந்த இறுக்கம் அச்சு அசலாக வராது. குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். வெளியாள் கண்ணுக்குப் படாது, விரலுக்குப் படும். வேறு சமயமாக இருந்தால் சுபத்ரா பிரித்துவிட்டு மறுபடி நெய்திருப்பாள். இதைப் பிரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நெய்தது, இந்தப் பக்கம் ஒருத்தி நெய்தது. அந்தக் குழந்தை இந்த உலகத்தில் செய்துவிட்டுப் போன ஒரே வேலை அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அவள் அதே புடவையைக் கடைசிவரை நெய்து முடித்தாள்.

கார்த்திகையில் பிரபாகரன் பார்க்க வந்தார். புடவையை வெளிச்சத்தில் பிடித்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார்.

"இன்னாக்கா இது, கோடு வுழுந்துகினு இருக்குது? யாகத்துக்குப் போற பொடவ பூரணமா இருக்கணுமே. தப்பா நெனச்சுக்காதீங்க. பாவுல இன்னொரு பொடவக்கி இழ இருக்குதில்ல, அத சுத்தமா நெய்ஞ்சு குடுத்துடுங்க. இத கடக்காரரு தள்ளுபடில எடுத்துக்குவாரு" என்றார்.

"அண்ணா, அம்மனுக்குன்னு நேர்ந்தது இந்தப் பொடவதான்" என்றாள் சுபத்ரா.

"நேந்துகினது நல்லபடியா பெத்தா குடுக்கறேன்னுதான்" என்று ஆரம்பித்த ரேணுகாம்பாள் பாதியில் நிறுத்தினாள். "அவன் சொல்றபடியே பண்ணு. பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

 அன்றிலிருந்து சுபத்ராவின் கனவுகளில் அந்தப் புடவை வந்தது. எங்கோ ஒரு மண்டபத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண், விலை குறைத்து வாங்கின சந்தோஷத்தில் அதைக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருப்பாள். சாம்பார் சிந்தும். துடைத்துக்கொள்வாள். பின்னால் நின்று சுபத்ரா கூப்பிடுவாள், குரல் வராது.

ஒரு சாயந்தரம் ஷிப்டு முடித்து வந்த சுதாகரிடம், "எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

அவன் சட்டையைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "ஐயனாருக்குப் பின்னாடி. ஒரு கல்லு வச்சேன். போன மாசம் போய்ப் பாத்தேன், எது நான் வச்ச கல்லுன்னு தெர்ல சுபா. எல்லாம் ஒரே மாதிரி கல்லு" என்றான்.

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தீர்மானம் வந்தது. மண்ணில் வைத்தது தொலைந்துபோயிற்று. அந்தக் குழந்தையின் கை பட்டதாக மிச்சம் இருப்பது அந்தப் புடவை ஒன்றுதான். அதைத் தள்ளுபடிக்குப் போக விடக்கூடாது. அம்மனுக்கு என்று நேர்ந்தது அம்மனுக்கே போகட்டும். பிள்ளைக்குக் கிடைக்காத தீ அதற்காவது கிடைக்கட்டும். கோடு விழுந்தது பூரணம் இல்லை என்றால், அதை அம்மனே சொல்லட்டும்.

மார்கழி முழுக்க மூன்றாம் புடவையை நெய்தாள். ஒரு நாளும் தறியை நிற்கவிடவில்லை. கண்ணாடி மாதிரி இறங்கியது. பிரபாகரன் தடவிப் பார்த்துவிட்டு, "இது பொடவ" என்றார். ரேணுகாம்பாள் அதை மடித்து மஞ்சள் துணியில் கட்டிச் சாமி அலமாரியில் வைத்தாள். கோடு விழுந்த புடவையை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்தாள். கடைக்காரர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். கும்பாபிஷேகம் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு விடிந்தது. கோயில் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது. யாகசாலைப் புகை பனியோடு கலந்து தெருவில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதில் நடந்து போகிறவர்கள் மிதந்து போகிற மாதிரி இருந்தார்கள். சுதாகர் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான். மாமியார் அடுப்படியில் இருந்தாள். இதுதான் சமயம் என்று சுபத்ரா அலமாரியைத் திறந்தாள். இரண்டும் ஒரே பாவு, ஒரே சிவப்பு, ஒரே மடிப்பு. மாற்றிக் கட்டினால் யாருக்கும் தெரியாது.  அம்மனை ஏமாற்றுகிறோமா, அம்மனுக்கு உண்மையைக் கொடுக்கிறோமா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். மடிப்புக்குள் விரலை விட்டாள். விரல் ஓடியது, ஓடியது, நின்றது.

கோடு.

தவறான மூட்டையைப் பிரித்துவிட்டோமோ என்று நினைத்தாள். கையில் இருந்தது மஞ்சள் துணிதான். கீழ்த்தட்டில் இருந்த பேப்பர் கட்டைப் பிரித்து விரலை ஓட்டினாள். வழவழவென்று கடைசிவரை ஓடியது.  பிறகு இரண்டையும் இருந்தபடியே கட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ரேணுகாம்பாள் இட்லிப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் தாம்பாளத்தில் பூரணம் குவியலாக இருந்தது.

"அத்தை, மஞ்சத்துணில..."

"நான்தான் மாத்தினேன்." ரேணுகாம்பாள் நிமிரவில்லை. கை மாவைச் செப்பாகப் பிடித்துக்கொண்டே இருந்தது. "வேற வூட்டுக்கு மாத்தட்டான்னு அவன் கேட்டான். நாந்தான் வாணாம்னேன். உன்ன அந்தக் குழில உக்கார வச்சவ நானு. டாக்டரு சம்பந்தம் இல்லன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க, எனக்குத் தூக்கம் வரணுமே. நாலு மாசமா உம்மூஞ்சியப் பாக்க முடியாம கெடக்கறேன்."

சுபத்ரா மாமியாருக்கு எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அந்த முகம் திரும்பிக்கொண்டது தன்மேல் கோபத்தில் என்று நினைத்திருந்தாள். இருவரும் ஒரே வீட்டில் ஒரே பாரத்தை ஆளுக்கு ஒரு பக்கமாக ஒளித்துவைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்கள்.

"நானும் மாத்தலாம்னுதான் போனேன் அத்தை" என்றாள்.

"தெரியும். நீ மாத்துவேன்னு தெரியும். மாட்டிகினா உன்ன ஏசுவாங்க. என்ன எவன் கேப்பான்?" ரேணுகாம்பாள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், நெற்றியில் மாவு ஒட்டிக்கொண்டது. "நாம நெய்ஞ்சத சாமிக்குக் குடுத்துட்டு, அந்தப் புள்ள நெய்ஞ்சத தள்ளுபடிக்குப் போடணுமா? எந்த ஊரு நாயம் இது? சரி சரி, அழுவாத. பூரணத்த உருட்டு. ஜல்தி. ஏழரைக்கு வரச் சொல்லிகினு இருக்காங்க."

சுபத்ரா உருட்டினாள். கண்ணீர் விழுந்த ஒன்றிரண்டு உருண்டைகளும் கொழுக்கட்டைக்குள் போயின. சாமி மன்னித்துக்கொள்ளும், அதற்கு இதெல்லாம் பழக்கம்தான்.

யாகசாலையில் கூட்டம் நெரித்தது. தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் புகை, நெய் மணம், கண் எரிச்சல். பிரபாகரன் தாம்பாளத்தை நீட்டினார். ரேணுகாம்பாள் மூட்டையை வைத்தாள். வழக்கப்படி அவர் முடிச்சை அவிழ்த்துப் புடவையை எடுத்து ஒரு முறை விரலை ஓட்டினார். சுபத்ரா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்றது.

பிரபாகரன் ரேணுகாம்பாளைப் பார்த்தார். ரேணுகாம்பாள் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தாள். ஊர் வம்பையெல்லாம் அளந்து பேசுகிற அந்த வாய் இறுக மூடியிருந்தது. அவரும் தறியில் உட்கார்ந்தவர்தான். விரலுக்கு அடியில் இருப்பது எந்த நாள் என்று அவருக்கும் தெரியும். புடவையைப் பழையபடி மடித்து, அதன்மேல் வெற்றிலையும் மஞ்சளும் எடுத்து வைத்து, "போங்கக்கா" என்றார்.

குருக்கள் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஆகுதி கொடுக்கும் முன் சங்கல்பம். யார் வீட்டுப் படையல் என்று அம்மனுக்குப் பேர் சொல்லித் தெரிவிக்க வேண்டும்.

"புடவை கொடுக்கறவா பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

"எம்பேரு ரேணுகாம்பாள், ரோகிணி. பையன் சுதாகர், சதயம். மருமவ சுபத்ரா, உத்திரம்" என்றாள் ரேணுகாம்பாள்.

"அவ்வளவுதானே?"

"இன்னும் ஒண்ணு இருக்குது சாமி." அவள் கையைப் பிசைந்தாள், பிறகு கூட்டத்துக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "பூரணி. ரேவதி நட்சத்திரம்."

சுபத்ராவுக்கு நாதஸ்வரம் காதில் விழாமல் போயிற்று. தறிக்காலில் அழிக்காமல் விட்ட எழுத்து நினைவுக்கு வந்தது. குனிந்து பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் அழிக்காமல் விட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தவள், அன்றைய நட்சத்திரத்தைப் பார்த்து மனசில் முடிந்து வைத்திருக்கிறாள்.

"பேத்தியா?" என்றார் குருக்கள்.

"ஆமாங்க சாமி. எம்பேத்தி."

"குழந்தை வந்திருக்காளா?"

ரேணுகாம்பாள் தாம்பாளத்தைப் பார்த்தாள். "வந்திருக்கா சாமி" என்றாள்.

குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு வடமொழியில் தொடங்கினார். ஊர், வருஷம், மாதம், திதி, ஒவ்வொரு பேராக வந்தது. பிறகு ரேவதி நட்சத்திரத்தில் பிறந்தவள், பூரணி என்ற பேருடையவள் என்று அந்தப் பாஷையில் சொன்னார். பிறந்தவள். நான்கு மாதத்தில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அதை வாங்கி, தெரு முழுக்க, பஸ் ஸ்டாப் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும் சொல்லிக்கொண்டு போயின.

சுதாகர் சுபத்ராவின் பக்கம் குனிந்தான். அவன் முகம் புரியாமல் தவித்தது. "யாரு சுபா, பூரணி?"

"நம்ம பொண்ணுதாங்க" என்றாள்.

அவன் அந்தப் பேரை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இரண்டாவது தரம் சொல்லும்போது குரல் உடைந்தது. அத்தனை பேர் நடுவில், கம்பெனிக்குப் போகிற பெரிய ஆண்பிள்ளை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். புகை என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று பேரும் தாம்பாளத்தைத் தொட்டுக்கொண்டு தீயருகே போனார்கள். மேளம் ஓங்கியது. குருக்கள் சொல்லிக்கொண்டே போன மந்திரத்தில் பூரணம் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் சுபத்ரா தன் மகளைக் கூப்பிடுவதாகவே கேட்டாள். புடவை நெய்யோடு சரிந்து தீயில் இறங்கியது. கொஞ்ச நேரம் எரியாமல் அப்படியே கிடந்தது, பிறகு ஓரத்தில் பற்றியது. கோட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று தீ பார்க்கவில்லை. முழுவதையும் எடுத்துக்கொண்டது.